ஒட்டகப் பலகை

இரண்டாம் தடவை பெட்டி பலகையின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. முதல் தடவை நெற்றிவரைக்கும்தான் போனது. முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். மேஸ்திரி அப்படிச் சொல்லவில்லை. "இறக்கிடும்மா, கால்ல போட்டுக்காத" என்றார். நோட்டில் ஒரு கோடு கிழித்தார். அடுத்தவளைக் கூப்பிட்டார்.

தோற்றவளுக்குக் கிடங்கில் சுண்டைக்காய் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துக் கூப்பிட அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. நாலடி பத்தங்குலம் உயரம். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சுமை ஏற்றும் ஆட்கள் அவள் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "உசரமா வளர்ந்தா போதுமா? ஒட்டடை அடிக்கத்தான் லாயக்கு" என்று வாங்கினதை வட்டியோடு திருப்பிக் கொடுப்பாள்.

அது ஒரு அச்சகத்தின் கிடங்கு. பள்ளிக்கூடப் புத்தகங்கள் அச்சாகி, தைத்து, ஓரம் வெட்டி அங்கே வந்து சேரும். கட்டு மேசையில் எட்டுப் பெண்கள். புத்தகத்தை எண்ணி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, பட்டை இழுத்துக் கட்டி, சிவப்பு முத்திரை குத்தினால் அவர்கள் வேலை முடிந்தது. ஒரு பெட்டி இருபத்திரண்டு கிலோ. அந்தப் பெட்டிகளை லாரியில் ஏற்ற ஆறு ஆண்கள், அவர்களுக்கு மேல் மேஸ்திரி. அந்த ஆறு பேரில் ஒருவர் சுண்டைக்காயின் வீட்டுக்காரர்.

பன்னிரண்டு வருஷமாக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதம் கட்டு மேசைக்குச் சனி பிடித்தது. பெட்டியை மடித்து, நிரப்பி, ஒட்டி, கட்டி, தானே தள்ளிவிடும் இயந்திரம் ஒன்று வரப்போகிறது என்று மேலாளர் அறிவித்தார். மேசை இனி கிடையாது. ஆனால் புத்தகம் பெருகப் பெருக ஏற்றுவதற்கு ஆள் போதவில்லை. ஆகவே மேசைப் பெண்களில் யார் ஏற்றுச் சோதனையில் தேறுகிறார்களோ அவர்கள் ஏற்றும் குழுவில் சேரலாம். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஆளுக்கு மூன்று வாய்ப்பு.

சுண்டைக்காய்க்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, அடுத்த வெள்ளிக்கிழமை. அதிலும் தோற்றால் சனிக்கிழமையிலிருந்து அந்தக் கதவு அவளுக்கு இல்லை. எந்தப் பெட்டி எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள் அவள். இந்த இடம் என் இடம் என்று பன்னிரண்டு வருஷம் இருந்தவளை ஒரு பலகை வெளியே தள்ளப் பார்த்தது.

பலகை என்றால் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கிடங்கின் நடுத்தூணில் ஐந்தடி மூன்றங்குல உயரத்தில் அடித்திருந்த மரப்பலகை. குழுவில் சேர வருகிறவர் இரண்டு பாதமும் தரையில் பதிய நின்று, கீழே இருக்கும் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைக்க வேண்டும். வைத்தால் ஆள், வைக்காவிட்டால் ஆள் இல்லை. முன்னொரு காலத்தில் அங்கே மேஸ்திரியாக இருந்தவர், ஒட்டகம் என்று பெயரெடுத்த ஆறடி நாலங்குலத்துக்காரர், தன் தோள் உயரத்துக்கு அடித்த பலகை. அதனால் அதற்கு ஒட்டகப் பலகை என்றே பெயர். ஒட்டகம் ஓய்வுபெற்று இருபது வருஷம் ஆயிற்று. பலகை மட்டும் ஓய்வு பெறவில்லை. அந்த உயரம் ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டால் நாக்கு அழுகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ!

சுண்டைக்காயின் உச்சந்தலைக்கும் மேலே ஐந்தங்குலத்தில் இருந்தது அது.

எட்டுப் பேரில் முதல் தடவையிலேயே தேறியவள் நெட்டை ஒருத்திதான். ஐந்தடி எட்டங்குலம்; பலகை அவள் மூக்குக்கு நேர். நெட்டையும் சுண்டைக்காயும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்றவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். தேறிய சந்தோஷம் நெட்டைக்கு இல்லவே இல்லை.

"எனக்கே வெக்கமா இருக்குடி" என்றாள். "பசை வாளியத் தூக்க உன்னைத்தானே கூப்பிடுவேன்? நான் தேறிட்டேன், நீ தேறலைன்னா, எங்கேயோ இடிக்குது."

"இடிக்கிறது என் தலைதான்" என்றாள் சுண்டைக்காய். சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது, பட்டைச் சுருளை எடுக்கிற சாக்கில் குனிந்து துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "விடு, பொம்பளை உடம்புக்கு அவ்வளவுதான் முடியும். நான் ஒருத்தன் தூக்குறது போதாதா?" என்றார். நல்ல மனிதர்தான். வாயைத் திறக்கக் கூடாத நேரம் எது என்று மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பிடிபடவில்லை. அவள் பதிலே பேசவில்லை. அவள் கத்தினால் அவருக்குப் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பாவத்தைக் கழுவவோ என்னவோ, வீட்டைச் சுத்தம் செய்யக் கூடமாட வந்து நின்றார். பழைய துணிகளை அடைத்த இரும்புப் பெட்டியைப் பரணில் ஏற்ற வேண்டியிருந்தது. "நீ தள்ளு" என்று அவளை விலக்கிவிட்டு, தரையிலிருந்து இடுப்புக்கு ஒரே மூச்சில் தூக்கினார். தலையணையை எடுத்த மாதிரி இருந்தது. பெட்டியை வயிற்றோடு வைத்துக்கொண்டே, பரணில் எங்கே இடம் இருக்கிறது என்று சாவகாசமாகப் பார்த்தார். பிறகு மார்புக்குக் கொண்டுபோனார், கொஞ்சம் முக்கினார். தலைக்கு மேலே தள்ளும்போது முழங்கை இரண்டும் வெடவெட என்று நடுங்க ஆரம்பித்தது.

"ஏய், பிடி, பிடி! பாத்துக்கிட்டே நிக்கிற!"

அவள் முக்காலியில் ஏறி அடியில் கைகொடுத்தாள். இருவருமாக உள்ளே தள்ளினார்கள். அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அவள் முக்காலியிலிருந்து இறங்காமலே அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, பத்து நொடிக்கு முன்னாடி இதே பெட்டியப் பஞ்சு மாதிரி வெச்சிருந்தீங்க. இப்ப அந்தப் பலம் எங்க போச்சு?"

"பலம் எங்கேயும் போகல. அது இங்கேயேதான் இருக்கு" என்று புஜத்தைத் தட்டினார். "உசரம் அப்படி. தலைக்கு மேல போனா எந்த ஆம்பளைக்கும் உதறத்தான் செய்யும்."

"உங்களுக்குத் தலைக்கு மேல பரண். எனக்குத் தலைக்கு மேல எது?"

அவர் வாயைத் திறந்தார். ஒட்டகப் பலகை அப்போதுதான் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாகச் சரியான நேரத்தில் மூடினார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் சுண்டைக்காய் நெட்டையை இழுத்துக்கொண்டு கழிவுத்தாள் அறைக்குப் போனாள். புத்தகத்தின் ஓரம் வெட்டிய தாள்களை மூட்டையாகக் கட்டி எடை போடுகிற அறை அது. முள் வைத்த பெரிய கொக்கித் தராசு ஒன்று உத்திரத்தில் தொங்கும். மூட்டையை இழுத்துக் கட்ட, தரையில் சிமெண்டோடு புதைத்த இரும்பு வளையம் ஒன்று உண்டு. அவள் தராசைக் கழற்றினாள். வளையத்தில் ஒரு சங்கிலியைக் கோர்த்தாள், சங்கிலியின் மேல்முனையில் தராசை மாட்டினாள், தராசின் கொக்கியில் ஒரு இரும்புக் குழாயைக் கட்டினாள். மேலே தொங்கவேண்டியது தரையிலிருந்து முளைத்து நின்றது. குழாயை இரண்டு கையாலும் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் முள் நகரும். சங்கிலியில் கண்ணி மாற்றி மாட்டினால் குழாயின் உயரம் மாறும்.

"முள்ளை மட்டும் பாரு. என் மூஞ்சியப் பாக்காத" என்றாள் நெட்டையிடம்.

முதலில் குழாய் முழங்கால் உயரத்தில். ஐம்பத்தெட்டு கிலோ. தொடை உயரத்தில் எழுபத்தொன்று. நெட்டை கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி இழுக்கச் சொன்னாள். மறுபடியும் எழுபத்தொன்று. தொப்புளுக்கு நேராக நாற்பத்துநாலு. மார்பில் முப்பத்தொன்று. தோளில் இருபத்தாறு. பலகையின் உயரத்துக்குக் குழாயைக் கொண்டுபோய், கையைத் தலைக்கு மேல் கொடுத்து, பல்லைக் கடித்து, கண்ணில் பூச்சி பறக்க நெம்பினாள். பத்தொன்பது.

பெட்டி இருபத்திரண்டு. மூன்று கிலோதான் குறைவு. இத்தனை நாளாக அவள் தூக்கத்தைக் கெடுத்தது அந்த மூன்று கிலோ. அதே உடம்பு, அதே கை, அரைமணி நேரத்துக்குள் எழுபத்தொன்றாகவும் இருந்தது, பத்தொன்பதாகவும் இருந்தது.

பிறகு நெட்டை இழுத்தாள், சுண்டைக்காய் முள்ளைப் பார்த்தாள். தொடையில் நெட்டைக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் முள் நகரவில்லை. ஆனால் பலகை உயரம் அவளுக்கு மூக்குக்கு நேர்தானே, அங்கே இருபத்துநாலு வந்தது.

"அடிப்பாவி, பலசாலி நீ. பாஸானவ நானா?" என்றாள் நெட்டை.

கைதான் தூக்குகிறது என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தொடை உயரத்தில் தூக்குவது கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்த ஊர்க்கூட்டம். கை வெறும் கயிறு. பிடி மார்பைத் தாண்டியதும் கூட்டம் மெல்லக் கலைகிறது. தலைக்கு மேல் போனதும் தோளும் புஜமும் மட்டும் தனியாக மாட்டிக்கொண்டு முழிக்கின்றன. இதைப் படித்தவர்கள் பெரிய பெரிய வார்த்தையில் சொல்வார்களாயிருக்கும். சுண்டைக்காய் பழுப்புத் தாளில் பென்சிலால் எழுதினாள்: முழங்கால் இவ்வளவு, தொடை இவ்வளவு, தோள் இவ்வளவு.

புதன்கிழமை வீட்டுக்காரரையும் அந்த அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். அவருக்குத் தொடையில் நூற்றுப் பதினாறு. மனிதர் முகம் மலர்ந்துபோயிற்று. தொப்புளில் எழுபத்தெட்டு. மார்பில் ஐம்பத்தெட்டு, முகத்தில் பாதி மலர்ச்சி போயிற்று. அவர் தலைக்கு மேல் ஐந்தங்குலத்தில் நாற்பது.

"எப்படிப் பாத்தாலும் உன்னைவிட நான்தானே ஜாஸ்தி?" என்றார் தாளைப் பார்த்துவிட்டு.

"ஆமா, யாரு இல்லேன்னா?" என்றாள் அவள். அவளும் அதைக் கவனித்துத்தான் இருந்தாள். தொடை உயரத்தில் அவர் பலத்தில் அறுபது சதவீதம் அவளுக்கு இருந்தது. தலைக்கு மேல் போனால் பாதிகூட இல்லை. மேலே போகப்போக ஆணுக்கும் குறைகிறது, பெண்ணுக்கு இன்னும் வேகமாகக் குறைகிறது. அவள் அதை மறைக்கவில்லை, அதையும் தாளில் எழுதிவைத்தாள். "ஆனா பெட்டி உங்ககூட மல்லுக்கட்டச் சொல்லலையே. வண்டியில ஏத்திவிடுன்னுதானே சொல்லுது? அதுக்கு எந்த உசரம் வேணுமோ அந்த உசரத்துல எனக்குப் பலம் இருந்தாப் போதாதா?"

வீட்டுக்காரர் தாளை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை இதைக் காட்டப்போறியா? மேஸ்திரி குதிப்பாரே!"

"குதிக்கட்டும். குதிச்சு அவரே பலகைய எட்டட்டும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நடுத்தூணைச் சுற்றிக் கூட்டம். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏற்று மேடையில் ஒரு லாரி பின்கதவைத் திறந்துபோட்டு நின்றது. மேஸ்திரி பெட்டியைத் தூணடியில் வைத்தார். ஐம்பது வயது, ஐந்தடி பதினோரு அங்குலம், கழுத்தே இல்லாமல் தோளில் நேரடியாகத் தலை வைத்த உடம்பு. அந்தக் குழுவில் அவரை மிஞ்சித் தூக்கியவன் கிடையாது.

"வாம்மா, கடைசி வாய்ப்பு" என்றார்.

சுண்டைக்காய் வந்து பெட்டிக்கு முன்னால் நின்றாள். குனியவில்லை. இடுப்பில் செருகியிருந்த பழுப்புத் தாளை எடுத்தாள்.

"சார், தூக்குறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசணும்."

"காகிதம் தூக்காதும்மா. கைதான் தூக்கணும்" என்றார் மேஸ்திரி. ஆட்கள் சிரித்தார்கள்.

"சரிண்ணே, கையாலேயே பேசுவோம்." அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் குரல் உடையவில்லை. "இந்தப் பலகை என் தலைக்கு மேல அஞ்சு அங்குலம் இருக்கு. உங்க தலைக்கு மேலயும் அதே அஞ்சு அங்குலத்துல ஒரு குழாயைக் கட்டித் தரேன். நீங்க அதை மேல இழுங்க. நான் என் தொடை உசரத்துல இழுக்குறேன். யாரு முள்ளு ஜாஸ்தி ஓடுதுன்னு பாப்போம்."

அடுத்த நொடி கிடங்கே சிரித்தது. மேஸ்திரிக்கு முகம் கறுத்தது. "எனக்கும் உனக்கும் போட்டியா? வேலையப் பாரும்மா" என்று திரும்பினார்.

அப்போது ஆட்களின் நடுவிலிருந்து வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "அண்ணே, ஒரே ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன். நான் இழுத்துப் பாத்துட்டேன். பாத்ததிலேருந்து எனக்கு வாய் அடைச்சுப் போச்சு."

அவர் வாய் அடைத்துப்போனது என்பது அந்தக் கிடங்கில் சாதாரணச் செய்தி இல்லை. மேலாளர் கடிகாரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அஞ்சு நிமிஷம்" என்றார்.

கழிவுத்தாள் அறை வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. நெட்டை மேஸ்திரியின் தலைக்கு மேல் அங்குலம் பார்த்துச் சங்கிலியை மாட்டினாள். மேஸ்திரி உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு குழாயைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"நாப்பத்திமூணு" என்றாள் நெட்டை.

"தராசு சரியில்ல." இன்னொரு தடவை இழுத்தார். முகம் செக்கச்செவேல் என்று ஆனது, நுனிக்காலில் எழும்பினார். நாற்பத்துநாலு. மேலாளரே குனிந்து முள்ளைப் பார்த்தார். அந்தத் தராசைத் தினமும் உபயோகிப்பவர்களே அங்கே நின்றார்கள். அதைப் பழி சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

சங்கிலியைச் சுருக்கிக் குழாயைத் தொடைக்கு இறக்கினாள் நெட்டை. சுண்டைக்காய் காலை அகட்டி நின்றாள், முழங்காலை லேசாக மடக்கினாள், குழாயைத் தொடையோடு ஒட்டிப் பிடித்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு தரையைக் காலால் மிதித்தாள்.

"அறுபது, அறுபத்தஞ்சு, எழுபது..." நெட்டையின் குரல் கீச்சிட்டது. "எழுபத்திரெண்டு! எழுபத்திரெண்டு!"

மேசைப் பெண்கள் போட்ட கூச்சலில் அச்சு அறையிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஏற்றும் ஆள் ஒருவன், "அண்ணன் தொடையில இழுத்தா நூறைத் தாண்டும்!" என்று கத்தினான்.

"தாண்டும்! நூத்தி இருபதுகூட வரும்!" என்று சுண்டைக்காய் அவனைவிட உரக்கக் கத்தினாள். "அண்ணன் பலத்தை யாரும் குறை சொல்லல. ஆனா பெட்டி எவ்வளவு? இருபத்திரெண்டு! எனக்கு எழுபத்திரெண்டு போதாதா? எந்த உசரத்துல தூக்கச் சொல்றீங்கன்னுதான் கேக்குறேன்!"

மேலாளர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். "அந்தப் பலகைக்கு ஏன் அந்த உயரம்? யார் முடிவு பண்ணினது?"

மேஸ்திரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் ஒன்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"ஒட்டகம் அண்ணன் போட்டது சார்."

"தெரியும். எதுக்குப் போட்டார்?"

"அது..." பின்னந்தலையைச் சொறிந்தார். "அவர் சாப்பாட்டு டப்பா வைக்க சார். கீழ வெச்சா பசங்க எடுத்துத் தின்னுடுறாங்கன்னு, தன் கண்ணு முன்னாலேயே இருக்கட்டும்னு தோள் உசரத்துல அடிச்சார். அப்புறம் யாரோ விளையாட்டுக்கு, பெட்டியத் தூக்கி அதுமேல வைன்னாங்க. நானும் வெச்சேன். எனக்கு முன்னாடி வந்தவங்களும் வெச்சாங்க. அப்படியே..."

அப்படியே இருபத்தைந்து வருஷம். ஒரு மனிதனின் மதியச் சாப்பாட்டைக் காப்பாற்ற அடித்த பலகை அத்தனை பேரின் பிழைப்பை நிறுத்துப் பார்த்திருக்கிறது! முதலில் சிரித்தவர் மேலாளர்தான். அதன்பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மேஸ்திரியும் தலையைக் குனிந்துகொண்டே தோள் குலுங்கச் சிரித்தார்.

ஆனாலும் அவர் தன் பிடியை முழுதாக விடவில்லை. அது நியாயமும்கூட; லாரி கிளம்பினால் பொறுப்பு அவர் தலையில். "சரிம்மா, பலகை போகட்டும். வண்டிக்குள்ள ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கணுமே. அந்த உசரம் வேணாமா?"

"எத்தனை அடுக்குண்ணே வெப்பீங்க?"

"மூணு."

"நாலு வெச்சா?"

"அடிப்பெட்டி மூலை நசுங்கும். புத்தகம் திரும்பி வரும்."

"திரும்பி வந்தா யாரு பிரிச்சு மறுபடியும் கட்டுறது? நாங்கதானே! மூணுக்கு மேல வைக்காதேன்னு ஒவ்வொரு பெட்டியிலயும் சிவப்பு முத்திரை குத்துறதே நான்தான். பெட்டி ஒரு அடி உசரம். மூணாவது பெட்டிய வைக்க ரெண்டடி தூக்கினாப் போதும்."

மேலாளர் அளவுநாடாவைக் கொண்டுவரச் சொல்லி ஏற்று மேடைக்கு நடந்தார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. மேடைத் தரையிலிருந்து பெட்டி வைக்கும் லாரித்தளம் இரண்டடி எட்டங்குலம். நாடாவை அப்படியே சுண்டைக்காயின் பக்கத்தில் பிடித்தார். தொப்புளுக்குக் கீழே நின்றது.

"இந்தக் கிடங்குல இதுக்கு மேல பெட்டியத் தூக்குற வேலை எங்கேயாவது இருக்கா?" என்று ஆட்களைப் பார்த்துக் கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இல்லை. உயரத்து அடுக்குகளுக்குத் தூக்கு வண்டி வந்து எட்டு வருஷம் ஆகிறது.

"அப்போ சோதனை இங்கேதான். மேடையிலிருந்து வண்டிக்கு, இருபது பெட்டி, நடுவுல நிக்கக் கூடாது. ஆம்பளைக்கும் அதேதான், பொம்பளைக்கும் அதேதான்." பிறகு அவளைப் பார்த்து, "இப்பவே செய்றியாம்மா, திங்கட்கிழமையா?" என்றார்.

"இப்பவே சார்."

முதல் பெட்டியைத் தூக்கும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவுதானா? பெட்டியை உடம்போடு அணைத்து, முழங்காலை நிமிர்த்தினால் அது தானாக ஏறியது. இடுப்பில் ஒரு தள்ளு, லாரித்தளத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. இரண்டு. மூன்று. வண்டிக்குள் வீட்டுக்காரர் பெட்டியை வாங்கி வாங்கி அடுக்கினார். "அவசரப்படாத" என்று முணுமுணுத்தார். "அடுத்ததை எடுத்து வைங்க, பேச்சு வேணாம்" என்றாள். எட்டு. ஒன்பது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. பதினாலாவது பெட்டியில் விரல்கள் மரத்துப்போயின. பதினாறில் முட்டி ஒருமுறை தடுமாறியது, மேசைப் பெண்கள் ஒரே குரலில் 'ஐயோ' என்றார்கள். அவள் பெட்டியைத் தொடையில் ஒருகணம் தாங்கினாள். எழுபத்திரண்டு கிலோவை இழுத்த இடம் அது. அங்கே யாரும் அவளைத் தோற்கடிக்க முடியாது என்று அவளுக்கு இப்போது தெரியும். பதினாறு ஏறிற்று. பதினேழு. நெட்டை எண்ண ஆரம்பித்தாள், எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். அவளைப் பார்த்துச் சுமைகூலிப் பாட்டுப் பாடியவர்களும் எண்ணினார்கள். பதினெட்டு. பத்தொன்பது.

இருபது!

நெட்டை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மேலாளர் மேஸ்திரியின் நோட்டை வாங்கி 'தேறினாள்' என்று எழுதினார். தோற்றுப்போயிருந்த மேசைப் பெண்கள் ஆறு பேரும் ஒருவரும் கூப்பிடாமலே மேடையில் வரிசையாக வந்து நின்று முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டார்கள். சுண்டைக்காய் அவர்களைப் பார்த்தாள், வண்டிக்குள் மூன்று மூன்றாக நிற்கும் தன் பெட்டிகளைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஏய்!"

மேஸ்திரியின் குரல் மேடையையே அதிரவைத்தது.

"என்ன அங்க வேடிக்கை? இது என்ன பரீட்சைக்கு வந்த வண்டின்னு நினைச்சியா? பன்னெண்டு மணிக்குப் போகவேண்டிய லோடு! இன்னும் நூத்தி அறுபது பெட்டி கெடக்கு, மரம் மாதிரி நிக்கிற! இடது பக்கம் போ, சீக்கிரம்!"

மேஸ்திரி வெளியாட்களை ஒருபோதும் அதட்டமாட்டார். மேசைப் பெண்கள், ஓட்டுநர்கள், அலுவலகத்துக்காரர்கள் எல்லாருக்கும் வாம்மா, போங்கய்யாதான். வாய் நிறையத் திட்டுவது தன் குழு ஆட்களை மட்டும்தான்.

சுண்டைக்காய்க்கு அது புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் காதுவரைக்கும் சிரித்தாள்.

"இதோ வந்துட்டேண்ணே!" என்று இடது பக்கம் ஓடி, இருபத்தோராவது பெட்டியை எடுத்தாள்.